தபால் அட்டை முதல் சமூக ஊடகம் வரை: ஒரு மருத்துவர் சங்கம் உறுப்பினர்களோடு பேசிய வரலாறு

முன்னுரை

ஒரே தொழிலைச் செய்பவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் என எல்லாத் தொழிலுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. சந்தா வசூலிக்கிறார்கள், தேர்தல் நடத்துகிறார்கள், ஆண்டுக்கொரு மாநாடு கூட்டுகிறார்கள். ஆனால் தலைமையில் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது கடைசி உறுப்பினருக்கு எப்படித் தெரிகிறது? கடைசி உறுப்பினர் என்ன நினைக்கிறார் என்பது தலைமைக்கு எப்படித் தெரிகிறது? சங்கங்களின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் அடங்கியிருக்கின்றன.

இன்று இதற்குச் சுலபமான பதில் ஒன்று சொல்லப்படுகிறது. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம், ட்விட்டரில் ஒரு கணக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினால் போதும், உறுப்பினர்கள் நெருங்கி வந்துவிடுவார்கள் என்பதே அந்தப் பதில். இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிய, பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயதுடைய இந்தச் சங்கம் கடிதம், வார இதழ், தபால் வாக்கெடுப்பு, இணையம், சமூக ஊடகம் என எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. அவற்றால் ஏற்றமும் கண்டிருக்கிறது, அடியும் வாங்கியிருக்கிறது.

வூஸ்டர் நகரில் ஒரு கூட்டம்

1832-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவமனையில் ஏறத்தாழ ஐம்பது மருத்துவர்கள் கூடினார்கள். கூட்டியவர் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற மருத்துவர். அன்று பிறந்த அமைப்பின் பெயர் மாகாண மருத்துவ, அறுவைச் சிகிச்சைச் சங்கம். பெயரில் 'மாகாண' என்ற சொல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் மருத்துவர்களுக்கான பெரிய கல்லூரிகளும் அதிகாரமும் லண்டனில் குவிந்திருந்தன. சிறு நகரங்களில் குதிரையில் போய் நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்களின் குரலைக் கேட்க ஆள் இல்லை. முறையான படிப்பு இல்லாத போலி மருத்துவர்களும் தடையின்றித் தொழில் செய்துவந்தார்கள்.

ஹேஸ்டிங்ஸின் திட்டத்தில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. முதலாவது, ஆண்டுக் கூட்டம் ஒரே ஊரில் நடக்காமல் ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்பது. உறுப்பினரைத் தலைநகருக்கு வரச்சொல்லாமல் சங்கமே உறுப்பினரின் ஊருக்குப் போயிற்று. இரண்டாவது, ஒவ்வொரு பகுதியிலும் என்ன நோய் வருகிறது, தண்ணீர் எப்படி, தட்பவெப்பம் எப்படி என்ற விவரங்களை அந்தந்த ஊர் மருத்துவர்கள் எழுதி அனுப்ப வேண்டும் என்பது. அவற்றைத் தொகுத்துச் சங்கம் நூலாக வெளியிட்டது. ஆக, உறுப்பினர் வெறும் சந்தாதாரராக இல்லாமல் செய்தி தருபவராகவும் இருந்தார்.

ஒரு பென்னி தபாலும் ஒரு வார இதழும்

ஆண்டுக்கொரு கூட்டமும் ஒரு நூலும் மட்டும் உறவை வளர்க்கப் போதவில்லை. 1840 ஜனவரியில் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் முறை வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணத்தில் கடிதம் அனுப்பலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மாகாண மருத்துவ, அறுவைச் சிகிச்சை இதழ் வெளிவரத் தொடங்கியது. இதுவே பின்னாளில் சங்கத்தின் இதழாக மாறி, 1857 முதல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பெயரில் வந்தது. சங்கமும் 1850-களின் நடுவில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1858-இல் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டம், தகுதி பெற்ற மருத்துவர்களின் பதிவேட்டை உருவாக்கியது. சங்கம் நெடுநாள் கேட்டுவந்தவற்றுள் இதுவும் ஒன்று.

இதழில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. கிருமிநாசினி முறையில் அறுவைச் சிகிச்சை செய்வது பற்றி ஜோசப் லிஸ்டர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1867-இல் இதில் வெளியானது. ஆனால் சாதாரண உறுப்பினருக்கு அதைவிட நெருக்கமாக இருந்தவை வாசகர் கடிதங்களும் வேலை வாய்ப்பு விளம்பரங்களும் கிளைச் செய்திகளுமே. தனியாகத் தொழில் செய்யும் ஒரு கிராம மருத்துவருக்கு, தன்னைப் போன்றவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதை வாரந்தோறும் நினைவூட்டியது அந்த இதழ்தான்.

1880-களில் சங்கம் இன்னொரு முயற்சியில் இறங்கியது. கூட்டு ஆய்வுக் குழு என்று ஒன்றை அமைத்து, நிமோனியா போன்ற நோய்களைப் பற்றிய கேள்விகள் அச்சிட்ட அட்டைகளை உறுப்பினர்களுக்கு அனுப்பியது. தாங்கள் பார்த்த நோயாளிகளின் விவரங்களை நிரப்பி மருத்துவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஃபிரெடெரிக் அக்பர் முகமது. இரத்த அழுத்த ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான இவர், பாட்னாவிலிருந்து இங்கிலாந்து சென்று 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்த ஷேக் தீன் முகமதுவின் பேரன். 1884-இல் டைஃபாய்டு காய்ச்சலில் இளவயதிலேயே இறந்துவிட்டார். பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் உறுப்பினர்களின் அனுபவத்தை ஓரிடத்தில் சேர்க்கலாம் என்பதை, கணினி இல்லாத காலத்திலேயே வெறும் அட்டைகளைக் கொண்டு செய்துகாட்டியது இந்த முயற்சி.

அதே சமயம் சங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1873-இல் எலிசபெத் கேரட் ஆண்டர்சன் முதல் பெண் உறுப்பினரானார். அதன்பின் விழித்துக்கொண்ட சங்கம், 1878-இல் இனிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. 1892 வரை, அதாவது பத்தொன்பது ஆண்டுகள், அவர் ஒருவரே பெண் உறுப்பினராக இருந்தார். யாரோடு பேசுவது என்பதற்கு முன்னால், யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

1912: தலைமை ஒரு பக்கம், உறுப்பினர் ஒரு பக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கம் பெரிதாக வளர்ந்திருந்தது. உள்ளூர்ப் பிரிவுகள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்கள் கூடும் பேரவை கொள்கை முடிவுகளை எடுக்கும் முறை ஏற்பட்டிருந்தது. பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

1911-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளர்கள் வாராவாரம் கட்டும் காப்பீட்டிலிருந்து மருத்துவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கப்படும். கட்டணம் குறைவு, சுதந்திரம் போய்விடும் என்று சங்கம் எதிர்த்தது. தங்கள் நிபந்தனைகளை அரசு ஏற்காவிட்டால் திட்டத்தில் சேரமாட்டோம் என்று 20,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கையெழுத்திட்டு உறுதிமொழி அளித்தார்கள். அரசு கட்டணத்தை உயர்த்தியது. அப்போதும் 1912 டிசம்பரில் கூடிய பிரதிநிதிகள் பேரவை, பெரும்பான்மை வாக்குகளால் திட்டத்தை நிராகரித்தது.

அடுத்த சில வாரங்களில் நடந்தது தலைமை எதிர்பாராதது. 1913 ஜனவரியின் முதல் பாதிக்குள் 10,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சங்கம் உறுப்பினர்களை உறுதிமொழியிலிருந்து விடுவித்தது. காரணம் எளிமையானது. வசதியான பகுதிகளில் தொழில் செய்த மருத்துவர்களுக்குத் திட்டம் இழப்பாகத் தெரிந்தது. தொழிலாளர் குடியிருப்புகளில் சொற்பக் காசுக்கு வைத்தியம் பார்த்துவந்தவர்களுக்கோ புதிய கட்டணம் அதுவரை கிடைத்ததைவிட அதிகம். கூட்டங்களில் கேட்ட குரலில் இவர்களின் கணக்கு இடம்பெறவில்லை. 'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்பார்கள். இங்கே தேர் நகரத் தொடங்கியபோது வடத்தைப் பிடித்திருந்தவர்களில் பலர் கையை விட்டுவிட்டார்கள்.

1948: தபாலில் வந்த இரண்டு பதில்கள்

இதிலிருந்து சங்கம் ஓரளவு பாடம் கற்றது என்றே சொல்ல வேண்டும். தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்க அமைச்சர் அனூரின் பெவன் முயன்றபோது, சங்கம் பேரவையோடு நிற்காமல் ஒவ்வொரு மருத்துவருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. 1948 பிப்ரவரியில் வந்த பதில்களில் ஏறத்தாழ 40,800 பேர் எதிர்ப்பும், 4,700 பேர் ஆதரவும் தெரிவித்தார்கள்.

மருத்துவர்களை முழுநேரச் சம்பள ஊழியர்களாக மாற்ற மாட்டோம் என்று ஏப்ரலில் பெவன் வாக்குறுதி கொடுத்தார். சங்கம் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தியது. இம்முறையும் எதிர்ப்பே அதிகம் என்றாலும் எதிர்த்தவர் எண்ணிக்கை 26,000-க்குள் குறைந்து, ஆதரித்தவர் எண்ணிக்கை 14,000-ஐத் தாண்டியது. காற்று மாறுகிறது என்பது எண்களில் தெரிந்துவிட்டது. தலைமை உறுப்பினர்களைத் திட்டத்தில் சேரச் சொன்னது. 1948 ஜூலை 5 அன்று சேவை தொடங்கியது. மறுபடி கேட்கும் துணிவு இருந்ததால் 1913-இல் நேர்ந்த அவமானம் திரும்ப நேரவில்லை.

இந்தக் காலத்தில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் சார்லஸ் ஹில். போர்க்காலத்தில் பி.பி.சி. வானொலியில் 'ரேடியோ டாக்டர்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு உடல்நல அறிவுரை சொல்லி வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். வானொலியில் நாட்டுக்கே பேசத் தெரிந்தவர் பொறுப்பில் இருந்தும், உறுப்பினர்களின் மனத்தை அறியத் தபால் வாக்குச்சீட்டுதான் தேவைப்பட்டது. வானொலி பேசும், ஆனால் திரும்பக் கேட்காது அல்லவா?

இணையம் வந்த பிறகு

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1995-இல் இணையத்தில் ஏறியது. 1998-இல் 'விரைவு மறுமொழிகள்' என்ற பகுதியைத் தொடங்கியது. அச்சில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருந்த வாசகர் கடிதங்கள் இப்போது விரைவாக எல்லோர் பார்வைக்கும் வந்தன. அதே 1998-இல் மருத்துவர்கள் மட்டுமே நுழையக்கூடிய ஒரு தனியார் இணையதளமும் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. சங்கத்தின் இதழுக்கும் கூட்டத்துக்கும் வெளியே மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம் அது. இதுவே மாற்றத்தின் தொடக்கம்.

2007-இல் அதன் விளைவு தெரிந்தது. இளநிலை மருத்துவர்களுக்கான பயிற்சி இடங்களை நாடு முழுவதற்கும் ஒரே கணினி முறையில் ஒதுக்க அரசு ஏற்பாடு செய்தது. இங்கே இளநிலை மருத்துவர் என்பவர் நம் ஊர் ஹவுஸ் சர்ஜன் மட்டுமல்லர். படிப்பை முடித்தது முதல் முதுநிலை நிபுணர் ஆகும் வரை, பத்தாண்டுக்கு மேல்கூட, ஒருவர் இந்தப் பெயரில் இருக்க நேரிடும். இருந்த இடங்களைவிட விண்ணப்பித்தவர்கள் பல்லாயிரம் அதிகம். தகுதியானவர்களுக்கு நேர்காணலே கிடைக்கவில்லை. விண்ணப்பதாரர்களின் அந்தரங்க விவரங்கள் இணையத்தில் வெளியே தெரியும்படி பிழையும் நேர்ந்தது.

இளநிலை மருத்துவர்கள் சிலர் 'ரெமடி யூ.கே.' என்ற அமைப்பைத் தாங்களே தொடங்கினார்கள். இணையம் வழியாகச் செய்தி பரவி, 2007 மார்ச் 17 அன்று லண்டனிலும் கிளாஸ்கோவிலும் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் ஊர்வலம் போனார்கள். 175 ஆண்டு வயதுச் சங்கத்தைவிட சில மாத வயதுக் குழு இளைஞர்களின் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. மே மாதத்தில் சங்கத் தலைவர் ஜேம்ஸ் ஜான்சன், புதிய பயிற்சி முறையின் கொள்கைகளை ஆதரித்து டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கையெழுத்தாளராக இருந்தார். உறுப்பினர்களின் கோபம் வெடித்தது. சில நாட்களில் அவர் பதவி விலகினார்.

இதே காலத்தில் இன்னொரு பிரிவினரின் வாழ்வும் ஊசலாடியது. 2006-இல் குடியேற்ற விதிகள் திடீரென்று மாற்றப்பட்டு, வெளிநாட்டு மருத்துவர்கள் பயிற்சி பெறுவது கடினமானது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடன் வாங்கிச் சென்று தேர்வெழுதியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 1996-இல் தொடங்கப்பட்ட இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் இவர்களுக்காக வழக்காடியது. பயிற்சி இடங்களில் இவர்களைப் பின்னுக்குத் தள்ளச் சொன்ன அரசு வழிகாட்டுதல் சட்டப்படி செல்லாது என்று 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பெரிய சங்கம் எல்லாருக்கும் பொதுவானதாக இருந்தாலும், ஒரு பிரிவினரின் தனித் துயரத்தைக் கையிலெடுக்க அவர்களுக்கென்று ஒரு சங்கம் தேவைப்பட்டது.

"நான் வேலையில்தான் இருக்கிறேன், ஜெரமி"

2015 ஜூலை 16 அன்று சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்ட் ஓர் உரை நிகழ்த்தினார். மருத்துவமனைகளில் ஏழு நாள் சேவை முறையாக இல்லாததால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் இறக்கிறார்கள் என்றும், ஆறு வாரத்துக்குள் சங்கம் பேச்சுக்கு வராவிட்டால் புதிய ஒப்பந்தத்தைத் திணிக்க வேண்டியிருக்கும் என்றும் அவர் கூறினார். வார இறுதியில் மருத்துவர்கள் வேலை செய்வதே இல்லை என்பதுபோல இது பலருக்குத் தோன்றியது.

அந்த வார இறுதியில் பணியில் இருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கள் படத்தை எடுத்து ட்விட்டரில் போட ஆரம்பித்தார்கள். எல்லாப் படங்களிலும் ஒரே ஹேஷ்டேக். 'நான் வேலையில்தான் இருக்கிறேன், ஜெரமி' என்பது அதன் பொருள். சங்கத்தின் அலுவலகத்தில் திட்டமிட்டு நடந்த பிரசாரம் அல்ல இது. தாமாகவே கிளம்பிய அலை. அமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று நாடாளுமன்ற இணையதளத்தில் வைக்கப்பட்ட மனுவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

இளநிலை மருத்துவர்களின் ஒப்பந்தம் பிரச்சினையானபோது இந்த அலை சங்கத்துக்குப் பெரும் பலமாயிற்று. ஃபேஸ்புக் குழுக்களில் பல்லாயிரக்கணக்கானவர்கள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் அலசினார்கள். இரவுப் பணி முடிந்து கூட்டத்துக்கு வர இயலாதவரும் தன் வேலை அட்டவணையைப் போட்டுக் கணக்குக் கேட்கலாம். 2015 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 76 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. 2016 ஜனவரி 12 அன்று, நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக, இங்கிலாந்தின் இளநிலை மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரலில் அவசரப் பிரிவையும் விட்டு வெளியே வந்தார்கள்.

கசிந்த வாட்ஸ்அப் செய்திகள்

ஆனால் சமூக ஊடகம் கூர்மையான கத்தி போன்றது. கனியையும் நறுக்கும், கையையும் வெட்டும். 2016 மே மாதத்தில் சங்கமும் அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. உறுப்பினர்கள் அதன்மீது வாக்களிக்க இருந்த நேரத்தில், சங்கத்தின் இளநிலை மருத்துவர் குழுத் தலைவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள் ஒரு சுகாதார வார இதழுக்குக் கிடைத்து வெளியாகின. வெளியே நோயாளிகளின் பாதுகாப்பைப் பேசிய தலைமை, உள்ளே வார இறுதி ஊதியத்தையே முக்கிய எல்லைக்கோடாகக் கருதியது என்று பத்திரிகைகள் எழுதின. நீண்ட பேச்சுவார்த்தையில் எல்லாக் கோரிக்கைகளும்தான் பேசப்பட்டன என்று சங்கம் விளக்கியது. இருந்தாலும் சந்தேகம் நுழைந்துவிட்டது.

ஜூலை 5 அன்று முடிவு வந்தது. உடன்பாட்டை ஏற்கச் சொல்லித் தலைவர் யோஹான் மலவானா ஊர் ஊராகப் போய் விளக்கியிருந்தார். 58 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். அவர் அன்றே பதவி விலகினார். 1912-இல் தலைமை எதிர்த்தது, உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2016-இல் தலைமை ஏற்றது, உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். இடையில் தொலைபேசியும் வானொலியும் இணையமும் வந்துவிட்டன. ஆனாலும் இடைவெளி அப்படியே இருந்தது.

போராட்டத்தின் வேகத்தைக் கூட்டப் பயன்பட்ட அதே குழுக்கள், சமரசத்தைப் புரியவைக்கப் பயன்படவில்லை. கோபத்தை ஒரு வரியில் சொல்லலாம். ஒப்பந்தத்தின் நன்மை தீமைகளைச் சொல்லப் பல பக்கங்கள் வேண்டும். அரசு ஒப்பந்தத்தைத் தானாகவே அமல்படுத்தியது. திருத்தப்பட்ட ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் 82 சதவீத வாக்குகளோடு ஏற்று இந்தத் தகராறு முடிய 2019 வரை ஆயிற்று.

ரெட்டிட்டிலிருந்து தலைமை வரை

அடுத்த அத்தியாயம் ரெட்டிட் தளத்தில் எழுதப்பட்டது. அங்கே பெயர் சொல்லாமல் பேசலாம் என்பதால் மேலதிகாரிக்குப் பயப்படாமல் சம்பளத்தையும் பணிச்சுமையையும் பற்றி இளநிலை மருத்துவர்கள் பேசினார்கள். 2008-இலிருந்து விலைவாசியோடு ஒப்பிட்டால் தங்கள் ஊதியம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்துவிட்டது என்ற கணக்கு அங்கே திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. அந்தப் பேச்சிலிருந்து 'டாக்டர்ஸ் வோட்' என்ற அணி உருவாகியது. 2007-இல் ரெமடி யூ.கே. சங்கத்துக்கு வெளியே நின்றது. இவர்களோ சங்கத்துக்கு உள்ளே வந்தார்கள். தேர்தலில் நின்று இடங்களைப் பிடித்தார்கள். 2022 செப்டம்பரில் இளநிலை மருத்துவர் குழுவின் இணைத் தலைவர்களாக ராபர்ட் லாரன்சனும் விவேக் திரிவேதியும் வந்தபோது, சங்கத்தின் கொள்கையே 'ஊதிய மீட்பு' என்றாகிவிட்டது.

2023 பிப்ரவரியில் வாக்கெடுப்பு முடிவு வந்தது. 77 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி வேலைநிறுத்த வாக்கெடுப்பு தபாலில்தான் நடந்தது. குறைந்தது பாதிப் பேர் வாக்களித்தால்தான் செல்லும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பயிற்சிக்காக அடிக்கடி ஊர் மாறும் இளநிலை மருத்துவருக்குச் சரியான முகவரியில் சீட்டுப் போய்ச் சேர்வதே பெரிய பாடு. ஆகவே அச்சிட்ட சீட்டைத் தபால் பெட்டிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் சமூக ஊடகத்தின் தலையில் விழுந்தது. 1840-இன் தபாலும் இன்றைய கைப்பேசியும் ஒரே வேலையில் கைகோத்தன.

புதிதாகப் பணியில் சேரும் மருத்துவரின் அடிப்படை ஊதியம் மணிக்கு 14.09 பவுண்டு, ஒரு காப்பிக் கடை ஊழியர் அதைவிட அதிகம் வாங்கலாம் என்று சங்கம் செய்த விளம்பரம் வேகமாகப் பரவியது. எல்லா இளநிலை மருத்துவர்களுக்கும் இந்த எண் பொருந்தாது, அனுபவம் கூடினால் ஊதியமும் கூடும் என்று விமரிசனமும் எழுந்தது. பல சுற்று வேலைநிறுத்தங்களில் ஏராளமான சிகிச்சைத் தேதிகள் தள்ளிப்போயின. அந்த விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள் என்பதையும் மறக்கக் கூடாது. இறுதியில் 2024 செப்டம்பரில், இரண்டு ஆண்டுகளுக்குச் சராசரியாக 22.3 சதவீத உயர்வு தரும் உடன்பாட்டை 66 சதவீதம் பேர் ஏற்றார்கள். தலைமை ஏற்கச் சொன்னதை உறுப்பினர்கள் இம்முறை ஏற்றார்கள். அதே மாதத்தில் இளநிலை மருத்துவர் என்ற பெயரும் 'ரெசிடென்ட் மருத்துவர்' என்று மாறியது.

ஆனால் 2025 ஜூலையில் மீண்டும் நடந்த வேலைநிறுத்த வாக்கெடுப்பில் ஆதரவு 90 சதவீதமாக இருந்தாலும், வாக்களித்தவர்கள் 55 சதவீதமே. மீதிப் பேர் ஏன் பேசவில்லை என்பதை எந்த ஹேஷ்டேக்கும் சொல்லாது.

வரலாறு தரும் பாடங்கள்

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து எந்தத் தொழிற்சங்கமும் எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகள் சில உள்ளன.

1. பேசுவதைவிடக் கேட்பது முக்கியம். அட்டை அனுப்பி விவரம் கேட்ட 1880-களின் குழுவும், இரண்டு முறை வாக்குக் கேட்ட 1948-இன் தலைமையும் பயன்பெற்றன. அறிக்கைகளை மட்டும் ஒட்டும் ஃபேஸ்புக் பக்கம் ஒரு அறிவிப்புப் பலகையே தவிர வேறில்லை.

2. சத்தம் போடுபவர்கள் மட்டுமே உறுப்பினர்கள் அல்லர். 1912-இல் கூட்டத்துக்கு வராதவர்களின் கருத்துதான் முடிவைத் தீர்மானித்தது. இன்று குழுவில் ஒரு வரியும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அவர்களின் வாரிசுகள். அவர்களை அறிய வாக்கெடுப்பும் நேர்ச் சந்திப்பும் இன்னும் தேவை.

3. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று பேச முடியாது. வாட்ஸ்அப்பில் எழுதுவது என்றேனும் வெளியே வரும் என்று எண்ணியே எழுத வேண்டும். இதைத் தந்திரமாகப் பார்க்காமல் நேர்மையாகப் பார்த்தால் சங்கத்துக்கு நல்லது.

4. உறுப்பினர்கள் தாங்களே கூடும் இடத்தைப் பகையாக நினைக்கக் கூடாது. 2007-இல் அந்த இடம் சங்கத்துக்கு வெளியே இருந்தது, தலைவர் பதவி போயிற்று. 2022-இல் அங்கிருந்தவர்கள் தேர்தல் வழியாக உள்ளே வந்தார்கள், சங்கத்துக்குப் புது இரத்தம் கிடைத்தது.

5. போராட்டத்துக்கு ஆள் சேர்ப்பதைவிட, உடன்பாட்டை விளக்குவதற்கு அதிக நேரமும் பொறுமையும் ஒதுக்க வேண்டும்.

முடிவுரை

வூஸ்டரில் கூடிய ஐம்பது பேருக்கு ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேச முடிந்தது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு ஊடகமும், அந்த அறையில் இருந்த நெருக்கத்தை ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரிக்கச் செய்த முயற்சியே எனலாம். இதழ் அதை ஓரளவு செய்தது. தபால் வாக்கு ஓரளவு செய்தது. சமூக ஊடகம் மிக வேகமாகச் செய்கிறது. ஆனால் எந்தக் கருவியும் தலைமைக்குக் காது கொடுத்துவிடாது. அதைத் தலைமைதான் கொடுக்க வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே யாரோ ஒரு உறுப்பினர் உண்மையான கேள்வி ஒன்றைக் கேட்டிருப்பார். அதற்குப் பதில் வந்ததா இல்லையா என்று பார்த்தாலே அந்தச் சங்கத்தின் நிலை தெரிந்துவிடும்.